ஆங்கிலச் செய்திகளில் வினைத்தொடர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்கும் மேசையில் பல ஆண்டுகள் உட்கார்ந்தவன் நான். புதிதாக வேலைக்கு வருகிறவர்களும், ஆங்கில நாளிதழ் படித்து மொழி கற்க நினைப்பவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவை இந்தக் கேள்விகள். பெரும்பாலானவை வினைச்சொல்லில் வந்து முட்டுகின்றன. பெயர்ச்சொல் தெரியாவிட்டால் அகராதியைப் பார்த்துக்கொள்ளலாம். வினை பிசகினால் நடக்காதது நடந்துவிடும். விசாரணைக்கு அழைத்துச் செல்லப்பட்டவர் குற்றவாளியாகிவிடுவார். ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். வாய்விட்டுப் படித்தால் பிடிபட்டுவிடும்.

வினைத்தொடர் என்று எதைச் சொல்கிறீர்கள்?

முதன்மை வினையும் அதற்கு முன்னால் வரிசைகட்டி நிற்கும் துணைவினைகளும் சேர்ந்ததை. 'ஹேஸ் பீன் அரெஸ்டட்' என்பதில் மூன்று சொற்கள். தமிழில் 'கைது செய்யப்பட்டிருக்கிறார்' என்கிறோம். காலம், எண், மரியாதை எல்லாவற்றையும் ஒரே சொல்லின் வாலில் மூட்டை கட்டிவிடுகிறோம். ஆங்கிலம் அவற்றில் சிலவற்றைத் தனித்தனிச் சொல்லாக அடுக்குகிறது, சிலவற்றைச் சொல்வதே இல்லை.

தனித்தனிச் சொல் என்பதால் தலைப்பில் இடம் போதாதபோது ஒன்றிரண்டைக் கழற்றி வீச ஆங்கிலத்தால் முடிகிறது. 'ஹேஸ் பீன்' போய் 'அரெஸ்டட்' மட்டும் நிற்கும். நம்மால் 'ஆர்' விகுதியைக் கழற்ற முடியாது. இன்னொரு சிக்கலும் உண்டு: ஆங்கில வினை ஆணா பெண்ணா என்று காட்டாது. 'தி டீனேஜர் ரேன் அவே' என்று செய்தி வந்தால், ஓடியது பையனா பெண்ணா என்று தெரியாமல் 'ஓடினான்' என்றோ 'ஓடினாள்' என்றோ முடிக்க வழியில்லை. கீழே எங்காவது 'ஷீ' வருகிறதா என்று தேடிப் பார்க்க வேண்டும். அதுவும் கிடைக்காவிட்டால் 'ஓடிவிட்டார்' கைகொடுக்கும். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அந்த மரியாதை கொஞ்சம் அதிகமாகத் தெரிந்தாலும்.

நேற்று நடந்து முடிந்ததைத் தலைப்பில் ஏன் நிகழ்காலத்தில் எழுதுகிறார்கள்?

செய்தி சூடாகத் தெரிய வேண்டும் என்பதற்காக. வினையும் சுருங்கும். 1912 ஏப்ரல் 16 அன்று நியூயார்க் டைம்ஸ் 'டைட்டானிக் சிங்க்ஸ்' என்றுதான் தலைப்பைத் தொடங்கியது; கப்பல் மூழ்கி ஒரு நாள் ஆகியிருந்தது. அதே நாளிதழ் 1969 ஜூலை 21 அன்று 'மென் வாக் ஆன் மூன்' என்று எழுதியது. தலைப்புக்குக் கீழே, செய்தியின் உடலுக்குள் நுழைந்ததும் வினை இறந்தகாலத்துக்குத் திரும்பிவிடும். வாசகரும் இந்த ஏற்பாட்டை ஏற்றுக்கொண்டிருக்கிறார். கப்பல் இன்னும் மூழ்கிக்கொண்டிருப்பதாக யாரும் நினைப்பதில்லை.

ஆனால் இந்த நிகழ்காலத்துக்குக் கொஞ்சம் வழுக்கும் குணம் உண்டு. நடந்தது, நடக்கப்போவது, நடக்கும் என்று நாளிதழ் நம்புவது ஆகிய மூன்றும் ஒரே உருவத்தில் வந்து நிற்கும். 1974 ஆகஸ்ட் 9 காலை இதழ்கள் 'நிக்சன் ரிசைன்ஸ்' என்றன. முந்தைய இரவு அமெரிக்க அதிபர் நிக்சன் அதை அறிவித்திருந்தார், பதவி விலகல் நடைமுறைக்கு வந்ததோ அன்று நண்பகலில். 'ரிசைன்ஸ்' இரண்டையும் சேர்த்து மூடிக்கொண்டது. சிகாகோ டெய்லி ட்ரிப்யூனுக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. அச்சுத் தொழிலாளர் வேலைநிறுத்தம் காரணமாக 1948 நவம்பர் 3ஆம் தேதி இதழின் முதல் பதிப்பை வழக்கத்தைவிட முன்னதாகவே அச்சுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. அதிபர் தேர்தல் முடிவு தெரியுமுன் 'டூயி டிஃபீட்ஸ் ட்ரூமன்' என்று போட்டுவிட்டார்கள். வென்றவர் ட்ரூமன். அந்த இதழை உயர்த்திப் பிடித்துச் சிரிக்கும் அவரது புகைப்படம் இன்றுவரை இதழியல் வகுப்புகளில் சுற்றுகிறது.

தலைப்பில் இறந்தகாலம் வரவே வராதா என்றால், வரும். பழைய நிகழ்ச்சி ஒன்று இப்போதுதான் வெளியே வந்திருக்கிறது என்று காட்ட வேண்டுமானால் 'நோ' (அறி) என்ற வினையை 'நியூ' என்று இறந்தகாலத்தில் போடுவார்கள். அமைச்சருக்கு அன்றே விஷயம் தெரியும் என்று பொருள். அங்கே 'நோஸ்' என்று எழுதினால் குற்றச்சாட்டின் கூர்மையே போய்விடும். பரபரப்புத் தலைப்புகளும் இறந்தகாலத்தை விரும்புவதுண்டு. 1986 மார்ச் 13 அன்று லண்டனின் தி சன், ஒரு நகைச்சுவை நடிகர் 'ஏட் மை ஹாம்ஸ்டர்' என்று போட்டது, அதாவது என் வெள்ளெலியைத் தின்றுவிட்டார் என்று. கதை பொய். காலம் மட்டும் இலக்கணப்படி சரி.

'டு' மட்டும் வந்தால்?

எதிர்காலம். 'பிரசிடென்ட் டு விசிட்' என்றால் அதிபர் வரவிருக்கிறார். நடுவில் இருக்க வேண்டிய 'இஸ்' விழுந்துவிட்டது. 'வில்' என்பதைவிட 'டு' குட்டையானது. ஏற்கெனவே திட்டமிட்டது என்ற சாயலும் அதற்கு உண்டு.

'ஹெல்ட்', 'ஷாட்', 'ஃபவுண்ட்' என்று தலைப்பில் வந்தால் செய்தார்களா, செய்யப்பட்டார்களா?

பெரும்பாலும் செய்யப்பட்டார்கள். ஆங்கிலத் தலைப்பு செய்வினைக்கு நிகழ்காலத்தை எடுத்துக்கொண்டதால், இறந்தகாலம் போலத் தெரியும் வடிவம் செயப்பாட்டுக்கு ஒதுங்கிவிட்டது. 'த்ரீ ஷாட்' என்றால் மூவர் சுடப்பட்டனர். மூவர் சுட்டார்கள் என்றால் 'த்ரீ ஷூட்' என்று வந்திருக்கும். முன்னால் இருந்த 'ஆர்', 'வேர்' போன்றவை இடமில்லாமல் விழுந்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள்.

இதை நான் கற்றது அவமானப்பட்டுத்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் 'டூ ஹெல்ட் ஓவர் பேங்க் ராபரி' என்ற தலைப்பு மேசைக்கு வந்தது. கூட்டம் நடத்துவதற்கும் 'ஹெல்ட்' என்றே சொல்கிறார்கள் அல்லவா, அந்த நினைவில் 'வங்கிக் கொள்ளையை நடத்திய இருவர்' என்று எழுதிவிட்டேன். வங்கிக் கொள்ளை தொடர்பாக இருவர் பிடிபட்டிருக்கிறார்கள் என்பதே செய்தி. அச்சுக்குப் போகுமுன் மூத்த உதவி ஆசிரியர் கண்ணில் பட்டது. அவர் திட்டவில்லை. 'தீர்ப்பு வந்துவிட்டதா தம்பி?' என்று மட்டும் கேட்டார்.

ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர்களே இதில் தடுக்கி விழுவதுண்டு. 2009இல் ஜப்பான் டுடே வெளியிட்ட ஒரு தலைப்பு: 'வயலினிஸ்ட் லிங்க்ட் டு ஜால் கிராஷ் பிளாசம்ஸ்'. ஜால் என்பது ஜப்பான் ஏர்லைன்ஸ். அந்த நிறுவனத்தின் விமானம் 1985இல் விழுந்து 520 பேர் இறந்தார்கள். அதில் தந்தையை இழந்த வயலின் கலைஞர் இப்போது இசையில் மலர்ந்து வருகிறார் என்பது சொல்ல வந்த செய்தி. வினை 'பிளாசம்ஸ்'. ஆனால் 'லிங்க்ட்' முன்னால் வந்து வினை வேடம் போட்டுக்கொண்டதால், 'கிராஷ் பிளாசம்ஸ்' என்று ஏதோ ஒரு வகைப் பூ இருப்பதாகவும் அதனுடன் கலைஞருக்குத் தொடர்பு இருப்பதாகவும் படித்தவர்கள் குழம்பினார்கள். இப்படி வினை ஒளிந்துகொள்ளும் தலைப்புகளுக்கு அன்று முதல் 'கிராஷ் பிளாசம்' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

முதல் பத்தியில் 'ஹேஸ் கிராஷ்ட்', இரண்டாவதில் 'கிராஷ்ட்'. ஏன் மாறுகிறது?

முதல் வாக்கியம் 'இதோ, இது நடந்திருக்கிறது' என்று கூவுகிறது. இரண்டாவது வாக்கியம் எப்போது, எங்கே, எப்படி என்று கதை சொல்ல உட்காருகிறது. ஜேம்ஸ் மெக்காலி என்ற மொழியியலாளர் 1971இல் இந்த முதல் வகைக்குச் 'சூடான செய்தி'ப் பயன்பாடு என்று பொருத்தமாகப் பெயர் வைத்தார். 'நேற்று', 'செவ்வாய்க்கிழமை' போன்ற முடிந்துபோன நேரம் வாக்கியத்துக்குள் வந்ததும் 'ஹேஸ்' வெளியேறிவிட வேண்டும் என்பது ஆங்கில விதி. பிரிட்டிஷ் ஊடகங்கள் 'ஹேஸ்' போட்டுத் தொடங்க விரும்புகின்றன. அமெரிக்க நாளிதழ்கள் முதல் வரியிலேயே கிழமையைச் சேர்த்து, நேராக இறந்தகாலத்தில் தொடங்குவது வழக்கம்.

இந்த 'ஹேஸ்' தமிழுக்குள் 'உள்ளது' என்ற உருவில் குடியேறியது. 'தெரிவித்துள்ளார்', 'உயிரிழந்துள்ளனர்', 'ஏற்பட்டுள்ளது'. ஆங்கிலக்காரர் முதல் வரியோடு நிறுத்திக்கொண்டதை நாம் கடைசி வரி வரை இழுக்கிறோம். பத்து வாக்கியச் செய்தியில் எட்டு 'உள்ளது' எண்ணியிருக்கிறேன். முதல் பத்தியில் ஒன்று போதும். அப்புறம் 'தெரிவித்தார்', 'உயிரிழந்தனர்' என்று எழுதினால் செய்தி நிற்காமல் நடக்கும்.

செயப்பாட்டு வினையைத் தவிர்க்கச் சொல்கிறார்களே, அது அவ்வளவு கெட்டதா?

இல்லை. இதைக் கண்மூடித்தனமாகச் சொல்பவர்கள் செய்தி எழுதிப் பார்த்ததில்லை என்றே நினைக்கிறேன்.

அமெரிக்க அதிபர் லிங்கன் சுடப்பட்ட 1865 ஏப்ரல் 14 இரவு, ஏபி (அசோசியேட்டட் பிரஸ்) செய்தி நிறுவனத்தின் செய்தியாளர் லாரன்ஸ் கோப்ரைட் வாஷிங்டனிலிருந்து தந்தியடித்தார்: அதிபர் இன்றிரவு நாடக அரங்கில் சுடப்பட்டார், ஒருவேளை உயிருக்கே ஆபத்தான காயமாக இருக்கலாம். 'வாஸ் ஷாட்' என்ற செயப்பாட்டு வினை. 1963 நவம்பர் 22 அன்று டல்லாஸில் கென்னடியின் கார் அணிவகுப்பில் வந்துகொண்டிருந்த, யுபிஐ என்ற செய்தி நிறுவனத்தின் செய்தியாளர் மெரிமன் ஸ்மித், காரில் இருந்த தொலைபேசியிலேயே சொன்ன முதல் வரி: அதிபரின் அணிவகுப்பை நோக்கி மூன்று முறை சுடப்பட்டது. 'வேர் ஃபயர்ட்' என்றார். யார் சுட்டது என்று அந்த நிமிடத்தில் அவருக்குத் தெரியாது. லிங்கன் செய்தியில் வாசகர் அறியத் துடித்தது அதிபரின் நிலையை, சுட்டவரை அல்ல. தெரியாததைத் தெரிந்ததுபோல் காட்டாமலும், முக்கியமானவரை எழுவாயாக நிறுத்தியும் எழுத அந்த இரு செய்தியாளர்களுக்கும் செயப்பாட்டு வினைதான் கைகொடுத்தது.

தெரிந்தே மறைப்பதற்கும் அதே வடிவம் உதவும் என்பதுதான் தொல்லை. ஈரானுக்கு ஆயுதம் விற்ற விவகாரத்தில் அமெரிக்க அதிபர் ரீகன் 1987 ஜனவரியில் நாடாளுமன்ற உரையில் 'சீரியஸ் மிஸ்டேக்ஸ் வேர் மேட்' என்றார். பெருந்தவறுகள் நிகழ்ந்துவிட்டன, சரி, செய்தவர் யார்? தவறுகள் தாமாகவே முளைத்தவைபோல் வாக்கியம் முடிந்துவிடுகிறது. இந்த வகைக்கு அரசியல் ஆய்வாளர் வில்லியம் ஷ்னைடர் வேடிக்கையாக ஒரு புதிய காலத்தையே கண்டுபிடித்தார். தமிழில் 'குற்றநீக்க இறந்தகாலம்' எனலாம்.

தலைவர் பேசியதை மேற்கோளாகப் போட்டால் பழி அவருடையது. செய்தியாளர் தன் சொந்த வாக்கியத்தில் அதையே செய்தால்தான் கவலை. காவலர் ஒருவர் சுட்டு ஒருவர் இறந்தால், சுட்டவர் தெரிந்திருந்தும் 'காவலர் தொடர்புடைய துப்பாக்கிச் சூடு' என்று எழுதும் பழக்கம் அமெரிக்காவில் வேரூன்றியிருந்தது. அந்த மழுப்பலான தொடரைத் தவிர்த்து, நடந்ததை நேராகச் சொல்லுங்கள் என்று ஏபி நடைக் கையேடு இப்போது கேட்டுக்கொள்கிறது. நான் வைத்திருக்கும் சோதனை ஒன்று உண்டு. வாக்கியத்தின் பக்கத்தில் 'யாரால்?' என்று பென்சிலால் எழுதுவேன். விடை எனக்குத் தெரியாது என்றால் செயப்பாட்டு வினை இருக்கட்டும். தெரிந்தும் எழுதவில்லை என்றால் திருத்திவிடுவேன்.

'இஸ் எக்ஸ்பெக்டட் டு' என்றால் எதிர்பார்ப்பவர் யார்?

நல்ல கேள்வி. பல நேரம் செய்தியாளருக்குத் தெரியும், நமக்குச் சொல்ல மாட்டார்.

வரப்போவதைச் சொல்லும் தொடர்கள் எல்லாம் ஒரே எடை கொண்டவை அல்ல. 'இஸ் டியூ டு' என்றால் நேரம் குறித்தாகிவிட்டது. 'இஸ் செட் டு' என்றால் ஏற்பாடுகள் தயார், இன்னும் நடக்கவில்லை. 'இஸ் எக்ஸ்பெக்டட் டு' என்றால் விவரம் அறிந்த யாரோ சொல்லியிருக்கிறார். 'இஸ் லைக்லி டு' செய்தியாளரின் கணிப்பாகவும் இருக்கலாம். 'இஸ் போய்ஸ்ட் டு' பாயத் தயாராக நிற்கும் பூனையின் படம், பாயாமலும் போகலாம். 'இஸ் செட் டு ரிசைன்' என்பதை 'ராஜினாமா செய்தார்' என்று மொழிபெயர்த்து, மறுநாள் அவர் பதவியில் தொடர்வதாக இன்னொரு செய்தி போட நேர்ந்த இடங்களை நான் பார்த்திருக்கிறேன்.

பிரிட்டிஷ் நாளிதழ்களில் 'இஸ் அண்டர்ஸ்டுட் டு ஹேவ்' என்று வந்தால் கூர்ந்து படியுங்கள். பெயர் போடக்கூடாது என்ற நிபந்தனையோடு சம்பந்தப்பட்டவர்களே காதில் போட்ட செய்தியாக இருக்க வாய்ப்பு அதிகம். 'இஸ் பிலீவ்ட் டு ஹேவ்' அதைவிட ஒரு படி கீழே.

இவை எல்லாவற்றுக்கும் தமிழில் 'என எதிர்பார்க்கப்படுகிறது', 'என்று கூறப்படுகிறது' என்ற இரண்டே அச்சுக்களை வைத்துக்கொண்டு வார்த்துத் தள்ளுகிறோம். 'வருகிறார்', 'வரவிருக்கிறார்', 'வரக்கூடும்', 'வருவார் போலிருக்கிறது' என்று நம்மிடமும் படிகள் உண்டே. கேள்விப்பட்டதைக் காட்ட ஒற்றை 'ஆம்' போதும்: விலகுகிறாராம். ஆங்கிலம் நான்கு சொற்களில் செய்வதைத் தமிழ் ஒரே அசையில் செய்கிறது. செய்தி நடையில் அதற்கு இடமில்லை என்று வைத்துவிட்டார்கள். வம்பின் வாசனை வருகிறது என்பதால் இருக்கலாம். எனக்கு அதில் வருத்தம் உண்டு.

'மே', 'மைட்', 'குட்' எல்லாம் ஒன்றுதானே?

தலைப்பில் கிட்டத்தட்ட ஒன்றுதான். 'கூடும்' என்று பொருள்படும் 'குட்' மிகவும் மலிந்துவிட்டது: இந்த மாத்திரை ஆயுளைக் கூட்ட 'குட்', இந்தக் கோள் பூமியில் மோத 'குட்'. நடக்காவிட்டாலும் யாரும் பொய் என்று சொல்ல முடியாது. கேள்விக்குறியில் முடியும் தலைப்பு எதற்கும் 'இல்லை' என்று பதில் சொல்லிவிடலாம் என்று இயன் பெட்டரிட்ஜ் என்ற பிரிட்டிஷ் இதழாளர் 2009இல் எழுதினார். 'குட்' தலைப்புகளுக்கும் அதையே நீட்டலாம் என்பது என் எண்ணம்.

'ஹேவ்' பின்னால் சேர்ந்தால் மட்டும் கவனம் தேவை. முன்கூட்டிய எச்சரிக்கை அவர்களைக் காப்பாற்றியிருக்க 'மைட் ஹேவ் சேவ்ட்' என்றால் எச்சரிக்கை வரவில்லை, அவர்கள் இறந்துவிட்டார்கள். 'மே ஹேவ் சேவ்ட்' என்றால் எச்சரிக்கை வந்தது, அதனால் பிழைத்திருக்கக்கூடும். ஆங்கில நாளிதழ்களே முதல் பொருளுக்கு இரண்டாவது வடிவத்தை எழுதிவிடுகின்றன. அப்போது முழுச் செய்தியையும் படித்துத்தான் ஆள் உயிரோடு இருக்கிறாரா என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

எத்தனையோ வினைகள் இருக்க, 'செட்' மட்டுமே ஏன் மறுபடி மறுபடி?

'சொன்னார்' என்று பொருள்படும் இந்தச் 'செட்' ஒன்றுதான் பக்கம் சாராதது. 'பாயிண்டட் அவுட்' என்று எழுதினால் அவர் சொன்னது உண்மை என்று நீங்களும் ஒப்புக்கொள்கிறீர்கள். 'கிளெய்ம்ட்' என்றால் நம்பவில்லை என்று கண் சிமிட்டுகிறீர்கள். 'அட்மிட்டட்' என்றால் அவர் மறைத்து வைத்திருந்ததாக ஆகிறது. பிரிட்டிஷ் நீதிமன்றச் செய்தியில் குற்றத்தை ஒப்புக்கொண்டார் என்றே பொருள். 'ரிவீல்ட்' என்றால் ரகசியம் உடைந்தது. 'ரெஃப்யூட்டட்' என்பதை மறுத்தார் என்ற பொருளில் போடுபவர்கள் ஏராளம். அது தவறு என்று நிரூபித்தார் என்பதே அதன் கறாரான பொருள். வெறுமனே மறுத்தால் 'டினைட்'.

பள்ளிக்கூடத்தில் ஒரே சொல்லைத் திரும்பப் போடாதே என்று கற்றுக்கொடுத்திருப்பார்கள். அதைச் செய்தி எழுதும்போது மறந்துவிடுங்கள். 'என்றார்' என்பது வாசகர் கண்ணுக்குத் தெரியாத சொல். 'என்றார்' அலுத்துப்போய் 'என்று கொந்தளித்தார்' என்று நீங்கள் மாற்றும்போது அவர் உண்மையில் கொந்தளித்திருக்க வேண்டும்.

சொல்லாததைச் சொன்னதுபோல் ஆக்கும் வினையும் உண்டு. நியூயார்க் நகரம் திவாலாகும் நிலையில் இருந்தபோது, மத்திய அரசு கைதூக்கிவிடும் சட்டம் எதையும் தடுப்பேன் என்று அதிபர் ஃபோர்டு பேசினார். 1975 அக்டோபர் 30 அன்று டெய்லி நியூஸ் போட்ட தலைப்பு: 'ஃபோர்ட் டு சிட்டி: டிராப் டெட்'. நகரத்துக்கு ஃபோர்டு சொன்னது, செத்துத் தொலை. அந்தச் சொற்களை அவர் உச்சரிக்கவே இல்லை. தலைப்பில் 'செட்' கிடையாது, மேற்கோள் குறியும் கிடையாது, ஒரு முக்காற்புள்ளிதான். அதன் தைரியத்தை நான் ரசிக்கிறேன். என் மேசையில் அப்படி ஒன்று வந்தால் விட்டிருக்க மாட்டேன்.

'ஹி செட் ஹி வாஸ் இல்' என்பதை எப்படித் தமிழாக்குவது?

'உடல்நிலை சரியில்லை என்றார்.' அவ்வளவுதான். 'செட்' இறந்தகாலம் என்பதால் பின்னால் வரும் 'இஸ்' 'வாஸ்' ஆகிறது. அது இழுத்துக்கொண்டுபோன இறந்தகாலம். தமிழுக்கு அந்த வழக்கம் இல்லை. 'உடல்நிலை சரியில்லாமல் இருந்தது என்றார்' என்று எழுதினால் இப்போது குணமாகிவிட்டது என்று ஆகிவிடும். 'வுட்' வந்தாலும் இதே கதை: 'செட் ஹி வுட் கம்' என்றால் 'வருவேன் என்றார்'.

காவல்துறை, நீதிமன்றச் செய்திகளில் எந்த வினைகளில் எச்சரிக்கை வேண்டும்?

ஏறக்குறைய எல்லாவற்றிலும். 'அரெஸ்டட் ஃபார் கில்லிங்' என்று எழுதாதே, 'அரெஸ்டட் ஆன் எ சார்ஜ் ஆஃப் கில்லிங்' என்று எழுது என்று ஏபி கையேடு சொல்கிறது. முதலாவதில் கொன்றதற்காகக் கைது, அதாவது கொன்றது முடிவாகிவிட்டது. இரண்டாவதில் கொன்றதாகக் குற்றச்சாட்டு. தமிழில் 'கொன்றவர் கைது' என்பதற்கும் 'கொலை வழக்கில் ஒருவர் கைது' என்பதற்கும் உள்ள தூரம் அது. 'மர்டர்ட்' என்ற வினைக்கும் கட்டுப்பாடு உண்டு. தீர்ப்பு வருமுன் 'கில்ட்' பாதுகாப்பானது. சட்டப்படி கொலை என்பது நோக்கத்தையும் சேர்த்துச் சொல்லும் சொல், அதை முடிவு செய்ய வேண்டியது நீதிமன்றம்.

தற்கொலைச் செய்தியில் 'கமிட்டட்' என்ற வினையை மேற்கோள் தவிர வேறெங்கும் வேண்டாம் என்று அதே கையேடு 2015இல் மாற்றிக்கொண்டது. 'கமிட்' குற்றம் புரிவதற்கு உரிய வினை. இறந்தவரைக் குற்றவாளியாக்கும் சாயல் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பது காரணம். 'டைட் பை' என்று எழுதச் சொல்கிறார்கள்.

'ஸ்லாம்ஸ்', 'ஆக்ஸஸ்', 'மல்ஸ்' போன்ற சொற்களைச் சாதாரணப் பேச்சில் கேட்டதே இல்லையே?

கேட்கவும் மாட்டீர்கள். குறுகிய பத்தியில் பெரிய எழுத்தில் தலைப்பு கோக்க வேண்டிய காலத்தில், ஒவ்வொரு எழுத்துக்கும் இடம் எண்ணி வளர்த்த சொற்கள் இவை. விசாரிப்பது 'புரோப்', விலகுவது 'க்விட்', உறுதியளிப்பது 'வவ்', யோசிப்பது 'மல்', நீக்குவது 'ஆக்ஸ்', அடைய ஆசைப்படுவது 'ஐ'. கண்ணையே வினையாக்கிவிட்டார்கள். பொழுதுபோக்குத் துறை இதழான வெரைட்டி 1935 ஜூலை 17 அன்று 'ஸ்டிக்ஸ் நிக்ஸ் ஹிக் பிக்ஸ்' என்று போட்டது. கிராமத்து வாழ்க்கையைக் காட்டும் படங்களைக் கிராமத்து மக்களே ஒதுக்குகிறார்கள் என்று பொருள். நான்கு சொல், நான்கும் எதுகை. 'நிக்ஸ்' என்றால் வேண்டாமென்று தள்ளுதல்.

இணையத்தில் பத்தி அகலம் ஒரு தடையே இல்லை. ஆனாலும் 'ஸ்லாம்' ஓயவில்லை. மெல்லக் கருத்து வேறுபாடு தெரிவித்தாலும் 'ஸ்லாம்', கடுமையாகச் சாடினாலும் 'ஸ்லாம்'. மொழிபெயர்க்கும்போது தலைப்பைப் பார்த்து 'வெளுத்து வாங்கினார்' என்று எழுதிவிடாமல், உள்ளே அவர் பேசியதைப் படித்து எடையைத் தீர்மானியுங்கள். பாதி நேரம் 'விமர்சித்தார்' போதும்.

'ஸ்டெப் டவுன்', 'ரூல் அவுட்' போன்ற இரட்டைச் சொல் வினைகளை எப்படி நினைவில் வைப்பது?

பட்டியல் போட்டு மனப்பாடம் செய்தால் நிற்காது. வால் மாறும்போது பொருள் எப்படி மாறுகிறது என்று சோடியாகப் பாருங்கள். 'ஸ்டெப் டவுன்' பதவியை விட்டு இறங்குவது. 'ஸ்டெப் அசைட்' பெரும்பாலும் விசாரணை முடியும்வரை ஒதுங்கி நிற்பது, திரும்பி வரலாம். 'கால் ஃபார்' விசாரணை கோருவது, 'கால் ஆன்' அரசை வலியுறுத்துவது, 'கால் ஆஃப்' போராட்டத்தைக் கைவிடுவது. 'கிராக் டவுன்' கடுமையாக ஒடுக்குவது; வினையானால் இரண்டு சொல், பெயரானால் ஒட்டிய ஒரே சொல்.

இவற்றில் எனக்குப் பிடித்தது 'ரெஃப்யூஸ்ட் டு ரூல் அவுட்'. அப்படியொரு வாய்ப்பே இல்லை என்று சொல்ல மறுத்தார் என்று பொருள். இதைப் படித்ததும் கூட்டத்தில் நடந்தது கண்முன் வரும். வரி உயருமா என்று ஒரு செய்தியாளர் கேட்டிருப்பார். இப்போதைக்கு எதுவும் சொல்வதற்கில்லை என்று அமைச்சர் நழுவியிருப்பார். மறுநாள் அது தலைப்பு. அமைச்சர் வரியைப் பற்றி வாயே திறக்கவில்லை, ஆனால் வரி உயர்வு செய்தியாகிவிட்டது. தமிழில் 'வரி உயர்வா? அமைச்சர் பதில் சொல்ல மறுப்பு' என்று எழுதினால் நேர்மையாக இருக்கும்.

சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் விபரீதமாகும் தொடர்களும் உண்டு. பங்குச் சந்தை சரிந்ததை 1929 அக்டோபர் 30 அன்று வெரைட்டி 'வால் ஸ்ட்ரீட் லேஸ் அன் எக்' என்று எழுதியது. முட்டையிடுகிறது என்று தெரிகிறதா? நாடகம் படுதோல்வி அடைந்தால் மேடைக்காரர்கள் சொல்லும் வழக்கு அது.

ஒரே வினைக்கு நேர் எதிரான பொருள் வருமா?

வரும். 'டேபிள்' பிரிட்டனில் தீர்மானத்தை அவையில் முன்வைப்பது, அமெரிக்காவில் அதைக் கிடப்பில் போடுவது. 'சாங்ஷன்' அனுமதிப்பதும் ஆகும், தடை விதித்துத் தண்டிப்பதும் ஆகும். செய்தி எந்த நாட்டிலிருந்து வந்தது என்று முதலில் பாருங்கள்.

'டு' வுக்கும் வினைக்கும் நடுவில் சொல் வரலாமா?

வரலாம். பிரிட்டனின் எகனாமிஸ்ட் இதழ்கூடத் தன் நடைக் கையேட்டில் 2018இல், வரக்கூடாது என்ற பழைய தடையைத் தளர்த்திவிட்டது. இதில் செலவிட உங்களுக்கு நேரம் வேண்டாம்.

வினையே இல்லாத தலைப்பு ஆங்கிலத்தில் உண்டா?

உண்டு, அபூர்வம். நியூயார்க் போஸ்ட் 1983 ஏப்ரல் 15 அன்று போட்ட 'ஹெட்லெஸ் பாடி இன் டாப்லெஸ் பார்' அவற்றில் புகழ்பெற்றது. தலையில்லா உடல், மேலாடையில்லாப் பெண்கள் ஆடும் மதுக்கூடம். வினைக்கு அங்கே வேலை இல்லை.

தமிழில் நிலைமை தலைகீழ். நம் தலைப்புகள் வினையில்லாமல்தான் வாழ்கின்றன: கைது, பலி, கண்டனம், ஆலோசனை, வருகை, மறுப்பு. வினையைப் பெயராக்கி நிறுத்திவிடுகிறோம். சுருக்கம் கிடைக்கிறது, காலம் காணாமல் போகிறது. 'அமைச்சரிடம் விசாரணை' என்ற தமிழ்த் தலைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். விசாரணை நடந்து முடிந்ததா, நடந்துகொண்டிருக்கிறதா, நடத்த உத்தரவு மட்டும் வந்திருக்கிறதா? ஆங்கிலத்தில் முதலாவதற்கு 'க்வெஸ்ட்சன்ட்', மூன்றாவதற்கு 'டு பி க்வெஸ்ட்சன்ட்', தலைக்குமேல் தொங்கும் நிலைக்கு 'ஃபேசஸ் புரோப்' என்று தனித்தனி வடிவம் உண்டு. மூன்றையும் 'விசாரணை' என்ற ஒரே சொல்லில் போட்டு மூடும்போது, ஆங்கில மூலத்தில் இருந்த ஒரு தகவலை நாம் அழித்திருக்கிறோம். 'விசாரணை முடிந்தது', 'விசாரிக்க உத்தரவு', 'விசாரணை வரக்கூடும்' என்று எழுத இன்னும் ஒரு சொல்லுக்கு இடம் வேண்டும். வடிவமைப்பாளரிடம் கேட்டு வாங்குங்கள்.